மலை ஏரியில் தூண்டில்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ தூண்டில் வளைவுக் (கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கல் தடுப்பு) கற்கள்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களிடம், கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது: ஒருமுறை நீலகிரிப் பக்கம் போய் நன்னீரில் தூண்டில் போட்டுப் பார்க்கலாமா? ஆசை நல்லதுதான். போகும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

கடல்லயே பிடிக்கிறோம். ஏரியில் பிடிக்க என்ன பெரிய ஏற்பாடு வேண்டிக்கிடக்கு?

கடற்கரையில் நின்று தூண்டில் வீசினால் யாரும் வந்து சீட்டு கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு மலை ஏறினால் முதல் நாளே வம்புதான். மலைமேல் இருக்கும் ஒவ்வொரு ஏரிக்கும் குறைந்தது ரெண்டு மூன்று சொந்தக்காரர்கள். ஊட்டிப் பக்கம் அணை கட்டி உருவான அவலாஞ்சி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள்: அணையும் தண்ணீரும் மின்வாரியத்தின் கையில், சுற்றியிருக்கும் காடு வனத்துறையின் கையில், உள்ளே நீந்துகிற மீன் மீன்வளத்துறையின் கணக்கில். ஒருவர் சரி என்றாலும் இன்னொருவர் தடுக்கலாம். தரைநாட்டு ஏரி, அணைகளிலும் இதே கதைதான். பெரும்பாலானவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், அல்லது தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் வசம் இருக்கும்.

ஆகவே ‘மீன் எங்கே கிடைக்கும்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இந்தத் தண்ணி யாருடையது’ என்று கேளுங்கள். உதகமண்டலத்தில் இருக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் பயணத்துக்கு ரெண்டு வாரம் முன்பே போன் போட்டு, இந்தப் பருவத்தில் எந்த நீரில் தூண்டில் போட உரிமச் சீட்டு தருகிறார்கள், ஒரு ஆளுக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு முன்பணம் கட்டுவதெல்லாம் அதற்கப்புறம். விடுதிக்காரர் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்வதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த ஏரிக்குப் போகலாம்?

ஊட்டி ஏரி என்றுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவான செயற்கை ஏரி அது. இன்றைக்குப் படகுச் சவாரிக்கான இடம். ஊர்க் கழிவுநீர் பல வருடமாகக் கலந்த தண்ணீர் வேறு. அங்கே பிடித்த மீனை நான் சாப்பிடச் சொல்ல மாட்டேன்.

தூண்டில்காரர்கள் பேசுகிற நீர் ஊட்டிக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. குந்தா நீர்மின் திட்டம் என்று கனடா நாட்டு உதவியோடு கட்டினார்களே, அதில் உருவானவைதான் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி போன்ற நீர்த்தேக்கங்கள். எமரால்டு பக்கம் ஊரும் தேயிலைத் தோட்டமும் கரைவரை வருகிறது. கார் போகும், டீக்கடை உண்டு. முதல்முறை போகிறவர்கள் அனுமதி கேட்கும்போது எமரால்டிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அவலாஞ்சியில் பாதி வழிக்கு மேல் வனத்துறை தன் வண்டியில்தான் ஏற்றிச் செல்லும். சொந்தக் காரை உள்ளே விடுவதில்லை. அப்பர் பவானி, போர்த்திமந்து, முக்கூர்த்திப் பக்கமெல்லாம் வரையாடும் புலியும் உலவும் காடு. முக்கூர்த்தி தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் காமராஜ் சாகர் அணை இருக்கிறது. புல்வெளிக் கரை, கெண்டை மீன், பக்கத்தில் சாலை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதையும் கேட்டுப் பார்க்கலாம். இதே சாலையில் இன்னும் தள்ளிப் போனால் பைக்காரா; அங்கே படகுத்துறை பிரபலம், கூட்டமும் அப்படியே.

கொடைக்கானல் ஏரியைச் சொல்கிறவர்களும் உண்டு. 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி. நடைபயிற்சிக்காரர், குதிரை, சைக்கிள் என்று சுற்றிலும் சந்தைக் கடை மாதிரி இருக்கும். அதற்கு அப்பால் உள்ள பேரிஜம் ஏரி குடிநீருக்கானது. வனத்துறை அனுமதியோடு பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ட்ரவுட் மீன் நிஜமாவே நம்ம ஊர் மலையில் இருக்கா, இல்லை சும்மா கதையா?

இருக்கிறது. ஆனால் தானாக வந்த மீன் இல்லை. தங்கள் ஊர் நினைப்பில் இருந்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர், ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார்; கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. அவலாஞ்சியில் அப்போது தொடங்கிய மீன் பொரிப்பகம் 1907ஆம் வருடத்தது.

இந்த மீனுக்குக் குளிர்ந்த, ஓடிக்கொண்டிருக்கிற, ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் திணறும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் அவலாஞ்சி இருப்பதால்தான் அங்கே பிழைக்கிறது. ஓடை ஏரியில் சேரும் இடம், நிழல் விழும் கரை, காலையும் மாலையும் என்று பார்த்துப் போட வேண்டும். நியூசிலாந்து வீடியோக்களில் கை நீளத்துக்குத் தூக்கிக் காட்டுகிறார்களே, அந்த அளவை மனதில் வைத்துப் போகாதீர்கள். இங்கே கையளவு ட்ரவுட் கிடைத்தாலே கொண்டாட்டம்.

உண்மையில் பெரும்பாலோருக்கு மாட்டுவது கெண்டைதான். அதுவும் வந்தேறி. கண்ணாடிக் கெண்டை என்கிற, ஆங்காங்கே மட்டும் பெரிய செதில் உள்ள இனம் 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. பிறகு இந்தியா முழுக்கப் பரவியது. ஒரு கிலோ கெண்டை மெல்லிய நரம்பில் (நைலான் தூண்டில் நூல்) மாட்டினால், கடலில் பாறை மீன் இழுத்துப் பழகிய கைக்கும் வேலை கொடுக்கும்.

எந்த மாதம் போனால் நல்லது?

நம்மூரில் பலருக்கு வசதியான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு வேலையில் இருப்பவர்களுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. சிக்கல் என்னவென்றால், ஊட்டியில் கூட்டம் பிதுங்குவதும் இதே காலத்தில்தான். மே மாத மலர்க் கண்காட்சியின்போது கரையில் தூண்டில் போட இடம் கிடைப்பதைவிட காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

என் பேச்சைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் போங்கள். பனி குறைந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், பள்ளித் தேர்வு நேரம் என்பதால் கூட்டமும் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சிப் பக்கம் வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அங்கே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. புயல் மழை பார்த்துப் பழகிய நமக்கே அது மலைக்க வைக்கும் கணக்கு. அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவு பயம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்மேல் உறைபனி படியும். மீனும் மந்தமாகக் கிடக்கும்.

எப்படிப் போவது? இ-பாஸ் கட்டாயமா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம். கடலூர்க்காரர்கள் நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம் வழியாக சேலம் பிடிக்கலாம். அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு மலை. மொத்தம் 400 கி.மீ. சொச்சம். இரவு கிளம்பி விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு ஏறுவதுதான் பலர் வழக்கம். ஓட்டுகிறவர் தூங்காமல் இருக்க ரெண்டு டிரைவர் அவசியம். மலைப்பாதையைக் கண் எரிச்சலோடு ஓட்ட வேண்டாம். கோடைக் கூட்டத்தில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் இறங்கிப் போனில் நெட்வொர்க் தேடுவது கொடுமை.

சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் நீலகிரியில் கூடாது. சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். இரையை பாலிதீன் பையில் கட்டுவதற்குப் பதிலாக மூடி போட்ட டிபன் டப்பாவில் வையுங்கள். டப்பாவைத் தனியாகக் குறித்து வைப்பது நல்லது. மண்புழு டப்பாவைத் திறந்து சாப்பாடு என்று நினைத்தவர்கள் உண்டு.

பாண்டியிலிருந்து ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. புதுச்சேரிச் சரக்கை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எல்லையில் பிடிபட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும், வண்டியும் போகும். காட்டோரக் கரையில் உடையும் கண்ணாடி பாட்டில் யானை, மாட்டின் காலைக் கிழிக்கும் என்பது தனி.

கடலுக்கு வைத்திருக்கும் ராடு, ரீலே போதுமா?

போதாது. கரையிலிருந்து கடலுக்கு வீசும் பத்தடி ராடும், 0.50 மி.மீ. தங்கூசி நரம்பும், நூறு கிராம் ஈயக்குண்டும் ஏரியில் கல்லெறிந்த சத்தம்தான் எழுப்பும். ஆறு ஏழு அடி இலகுவான ராடு, 2000 அல்லது 2500 அளவு ரீல் போதும். ட்ரவுட்டுக்கு 0.20 மி.மீ. நரம்பு, கெண்டைக்கு 0.28. முள் 8, 10 எண். எண் கூடக் கூட முள் சிறிசாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரவுட்டுக்குச் சின்ன ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் உலோகப் போலி இரை) ரெண்டு மூணு இருந்தால் நல்லது.

பழைய ரீலைத்தான் எடுத்துப் போவேன் என்றால், உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டு, வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். வேறு குளத்தில் நனைந்த வலைப்பையையும் செருப்பையும் ஈரத்தோடு எடுத்துப் போனால், அந்தக் குளத்து நோயும் பாசியும் மலை ஏறும். உயிர் இரையாக ஜிலேபி மீன் குஞ்சுகளைக் கொண்டுபோகிற யோசனையும் இதே காரணத்தால் வேண்டாம்.

கெண்டைக்கு என்ன இரை?

மண்புழு எங்கேயும் எடுபடும். ஆனால் சின்னக் குஞ்சுகள் கொத்திக் கொத்தியே தீர்த்துவிடும். கெண்டைக்கு மாவுதான் சரி. கடலைப் புண்ணாக்கைப் பொடித்து, வறுத்த தவிடு அரைப்பங்கு, மைதா ஒரு கைப்பிடி, நன்றாகப் பழுத்த பூவன் பழம் ஒன்று. தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக வர வேண்டும். கடைசியாகக் கொஞ்சம் பஞ்சை இழை இழையாகப் பிய்த்து உள்ளே சேர்த்துப் பிசையுங்கள். அதுதான் சூட்சுமம். பஞ்சு இல்லாத மாவு வீசும்போதே காற்றில் பறந்துவிடும். பஞ்சு இருந்தால் முள்ளை விட்டு இறங்காது. சுண்டைக்காய் அளவு உருட்டி முள்ளின் நுனி மறையும்படி மூடுங்கள்.

மலைக் குளிரில் மாவு இறுகிக் கல்லாகிவிடும். ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டால் இளகியே இருக்கும். முதலில் கொஞ்சம் மாவை உதிர்த்துக் கரையோரம் தூவிவிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். இங்கே காலை நாலு மணிக்கே எழுந்து ஓட வேண்டிய அவசியமும் கிடையாது. வெயில் ஏறி ஆழமில்லாத ஓரத் தண்ணீர் கொஞ்சம் சூடானதும், பத்து மணிக்கு மேல்தான் கெண்டை ஓரத்துக்கு மேய வரும்.

தக்கை ஆடினதும் இழுக்கிறேன். ஒண்ணும் வரலையே?

சீக்கிரம் இழுக்கிறீர்கள். கடல் மீன் பாய்ந்து விழுங்கும். கெண்டை உறிஞ்சி உறிஞ்சிப் பார்க்கும். தக்கை ரெண்டு முறை லேசாகத் துள்ளும், நிற்கும், திரும்பத் துள்ளும். அப்போது கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். சில சமயம் நின்றுகொண்டிருந்த தக்கை அப்படியே படுத்துவிடும். கெண்டை குண்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் தக்கை பக்கவாட்டில் சாய்ந்து நழுவ ஆரம்பிக்கும். அந்த ரெண்டு சமயத்தில்தான் மணிக்கட்டால் ஒரு சுண்டு. தோளிலிருந்து இழுத்தால் 0.28 நரம்பு பட்டென்று போய்விடும். ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்து, ஓடுகிற மீனை ஓட விட்டுச் சுற்றுங்கள்.

வீச்சுவலை எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். தூண்டிலுக்குத் தருகிற சீட்டு தூண்டிலுக்கு மட்டும்தான். தண்ணீரில் வெடித்தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டம் தொட்டே குற்றம்.

பூமீன் கெண்டை கிடைக்குமா?

மஹ்சீர் என்று வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் தேடி வரும் மீன் இது. காவிரி, மாயாறு நீரில் வாழ்கிறது. மலைமேல் ஏரிகளில் தேடிப் பயனில்லை. காவிரிப் படுகையின் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் பட்டியலிட்டது. தரைநாட்டு ஆற்றில் எங்காவது தற்செயலாக மாட்டினால், தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

பிடித்த மீனை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

சீட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை வரை முடியும். ஐஸ் பெட்டி விஷயத்தில் கடலூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: செவுளையும் குடலையும் கரையிலேயே எடுத்துவிட்டு ஐஸ் போடுங்கள், கழிவைத் தண்ணீரில் வீசாமல் புதைக்கச் சொன்ன இடத்தில் புதையுங்கள். கெண்டையில் சேற்று வாடை வரும். உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, மோரில் அரைமணி ஊறவைத்தால் போகும். ஊசிமுள் அதிகம் என்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். ட்ரவுட்டுக்கு மிளகும் உப்பும் போதும். வஞ்சிரத்துக்கு அரைக்கும் மசாலாவைப் போட்டு அதன் ருசியைக் கெடுக்காதீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்கணும்?

நீச்சல் தெரியும் என்பதை நம்பி இறங்க வேண்டாம். மலைத் தண்ணீரின் குளிரில் திடீரென்று விழுந்தால் மூச்சு அடைக்கும், கை கால் விறைக்கும். கடலில் புரண்டவரையும் அது விடாது. இவை மின்சாரம் எடுக்கிற அணைகள். நீர்மட்டம் ஏறி இறங்கும். நேற்று தண்ணீர் இருந்த இடம் இன்றைக்குக் காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் முட்டி வரை சேறு இழுக்கும். புல் முளைத்த கரையை விட்டு இறங்காதீர்கள்.

காட்டெருமை கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும். பார்க்கச் சாது மாதிரி நிற்கும். அதைக் கடந்து போக வேண்டுமென்றால் காத்திருங்கள், கத்தி விரட்டாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே விடுதி திரும்புங்கள். மழை பெய்த வாரம் அட்டை ஏறும். காலுறைமேல் உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவிக்கொள்ளலாம். ஏரியைச் சுற்றியிருக்கும் புல்மேடுகளில் தோடர் பழங்குடியினரின் மந்துகளும் (குடியிருப்புகள்) கோயில்களும் உண்டு. கேட்காமல் உள்ளே போய்ப் படம் எடுப்பது தவறு. அவலாஞ்சியைத் தாண்டினால் செல்போன் சிக்னல் பெயருக்குத்தான். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

போன் போட்டேன், இந்த மாதம் அனுமதி இல்லை என்கிறார்கள். பயணத்தையே விட்டுடலாமா?

தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ராடை வீட்டில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு போய் வாருங்கள். அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில் போகலாம், பைக்காராவில் படகு ஏறலாம், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. ஓடுகிற மலை ரயிலில் சீட்டு கிடைத்தால் அதில் ஏறிப் போகலாம். திருட்டுத்தனமாகத் தூண்டில் போட்டு மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு முடிவதில்லை. அடுத்து முறையாகக் கேட்டு வருகிறவர்களுக்கும் கதவு சாத்தப்படும்.

மீன் தின்னாமல் திரும்ப மனசில்லை என்றால், சேலத்திலிருந்து ஊத்தங்கரை வழியாகச் சாத்தனூர் அணைக்கு வண்டியைத் திருப்புங்கள். கொஞ்சம் சுற்றுதான். தென்பெண்ணைமேல் 1958இல் கட்டி முடித்த அணை. இங்கே திறந்துவிடும் தண்ணீர்தான் கடலூரில் கடலைச் சேர்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்ததும் அதுவே. அணைக்கட்டுப் பக்கத்துக் கடைகளில் ஏரி மீனைக் கண்ணெதிரே மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள், சாயங்காலம் ஜிலேபி மீன்தான் மிஞ்சும்.